கேபிளா, கிளவுட்டா? தோட்டத்து சிக்னல்ல 46 ஜிபியை புதுப் போனுக்கு மாத்துறது எப்படி

மஸ்கெலியா மழை:
அம்மாவோட போனை மாத்தணும். பழசு சாம்சங், ஆண்ட்ராய்ட் 11, 64 ஜிபி. புதுசு ரெட்மி, ஆண்ட்ராய்ட் 14, 128 ஜிபி. ரெண்டும் டைப் சி. பழசுல 46 ஜிபி நிறைஞ்சு கிடக்கு. படமும் வீடியோவும் 31, வட்ஸ்அப் 12, மிச்சம் சில்லறை. வட்ஸ்அப்ல பாதி குவைத்துல இருந்து அக்கா அனுப்புற வொய்ஸ். அதுல ஒண்ணு போனாலும் அம்மா விட மாட்டாங்க. வீட்ல சிம் ரவுட்டர், அப்லோட் 2 எம்பிபிஎஸ் தாண்டாது. விண்டோஸ் லேப்டொப் ஒண்ணு இருக்கு. ட்ரைவ்ல ஏத்தி புதுசுல இறக்கிடலாமா, கேபிள்தான் சரியா?

பண்டாரவளை பிட்:
கணக்கைப் பாருங்க தம்பி. 2 எம்பிபிஎஸ்னா செக்கனுக்கு 2 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட், அப்ப செக்கனுக்கு கால் எம்பி. 46 ஜிபி ஏற 51 மணித்தியாலம், அதுவும் ஒரு நிமிஷம்கூட அறுபடாம போனா. மழை வந்து லைட் போனா அந்தக் கணக்கும் இல்லை. கூகுள் சும்மா தர்ற இடம் 15 ஜிபி, அதுல ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூணும் பங்கு. ஏத்தினதைத் திரும்ப இறக்கவும் டேட்டா வேணும்.

கேபிள்ல யூஎஸ்பி 2.0க்கு எழுத்துல 480 எம்பிபிஎஸ், கையில வர்றது செக்கனுக்கு 30 எம்பி மாதிரி. அந்த வேகத்துல 46 ஜிபி 26 நிமிஷம். சின்னச் சின்ன பைல் ஆயிரக்கணக்குல இருக்கிறதால ஒன்றரை மணித்தியாலம்னு வச்சுக்குங்க.

லிந்துலை டீச்சர்:
கேபிளா கிளவுட்டான்னு ஒண்ணை மட்டும் எடுக்கத் தேவையில்லை. பாரமானது கேபிள்ல போகட்டும். தொலைஞ்சா திரும்ப எடுக்க அலையணும்ங்கிறது கிளவுட்ல இருக்கட்டும்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் கடிதங்கள், பிள்ளைகளோட ரிசல்ட் ஷீட், காண்டாக்ட். எல்லாம் சேர்த்தாலும் 300 எம்பி வராது. 2 எம்பிபிஎஸ்ல 20 நிமிஷம்.

ஹட்டன் பெஞ்ச்:
டீச்சர் சொன்னதுதான். கேபிள் வேலையை வரிசையா சொல்றேன், வரிசையை மாத்தாதீங்க.

முதல்ல லேப்டொப்ல ஒரு முழு கொப்பி, அதுக்குப் பிறகுதான் புதுப் போன். நேரா போனிலிருந்து போனுக்கு மாத்தி நடுவுல ஏதாவது ஆனா கையில இருக்கிறது பழசு மட்டும்தான். அதுலயும் டிஸ்பிளே எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது.

பழசை 50 சதவீதத்துக்கு மேல சார்ஜ் பண்ணி, லொக்கைத் திறந்து வச்சு லேப்டொப்ல மாட்டுங்க. மேலிருந்து இழுத்தா யூஎஸ்பி பத்தி ஒரு அறிவிப்பு வரும். அதுல சார்ஜ் மட்டும்னு இருக்கிறதை பைல் பரிமாற்றம்னு மாத்தணும். ஸ்கிரீன் லொக்கா இருந்தா விண்டோஸ்ல போன் பேரு தெரியும், உள்ளே காலியா இருக்கும். பாதிப் பேர் இங்கதான் போன் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டுறாங்க.

எடுக்க வேண்டிய போல்டர்: டிசிஐஎம் (கெமரா படமெல்லாம் இருக்கிற இடம்), பிக்சர்ஸ், டவுன்லோட், டொக்யுமென்ட்ஸ், வொய்ஸ் ரெக்கார்டர். பிறகு ஆண்ட்ராய்ட் போல்டருக்குள்ள மீடியா, அதுக்குள்ள காம் புள்ளி வட்ஸ்அப்னு ஒண்ணு இருக்கும், அது முழுசா. பழைய வழிகாட்டிகள்ல வட்ஸ்அப் போல்டர் வெளியிலேயே இருக்கிற மாதிரி போட்டிருப்பாங்க. ஆண்ட்ராய்ட் 11ல அதைத் தேடினா பெரும்பாலும் கிடைக்காது.

கட் வேண்டாம், கொப்பி மட்டும். கட் கொடுத்து பாதியில வயர் அசைஞ்சா அந்த பைல் ரெண்டு பக்கமும் இல்லாமப் போகலாம்.

31 ஜிபியையும் ஒரே இழுப்புல இழுக்காதீங்க. போல்டர் போல்டரா, 5 ஜிபி அளவுல. நடுவுல நின்னா எங்க நின்னுச்சுன்னு தெரியும். பெரிய மொத்தமா கொடுத்தா விண்டோஸ் கணக்குப் பார்க்கவே கால் மணித்தியாலம் பச்சைக் கோட்டை இழுத்துக்கிட்டு இருக்கும்.

செக்யூர் போல்டர்ல, அதாவது சாம்சங்ல பூட்டுப் போட்ட தனி இடத்துல, ஏதாவது வச்சிருந்தா கேபிள்ல தெரியாது, முதல்ல வெளியே எடுக்கணும். அம்மா போன்ல இருக்காதுன்னு நினைக்காதீங்க. நகைக் கடை ரசீதெல்லாம் அங்கதான் இருக்கும்.

மஸ்கெலியா மழை:
அண்ணே, மாட்டினேன். சார்ஜ் ஏறுது. அறிவிப்பும் வரல, லேப்டொப்ல ஒண்ணும் வரல.

ஹட்டன் பெஞ்ச்:
மாட்டும்போது விண்டோஸ் 'டிங்'னுச்சா?

மஸ்கெலியா மழை:
இல்லை.

ஹட்டன் பெஞ்ச்:
அப்ப வயர்தான். டேட்டா போக உள்ளே நாலு கம்பி வேணும்: கரண்டுக்கு ரெண்டு, டேட்டாவுக்கு ரெண்டு. டோர்ச், குட்டி பேன், பவர் பேங்க் கூட வர்ற மலிவு வயர்ல பல நேரம் கரண்டுக்கு மட்டும் ரெண்டு கம்பிதான். வெளியில பார்த்தா வித்தியாசமே தெரியாது. போன் பெட்டிக்குள்ள வந்த வயரைப் போட்டுப் பாருங்க. புது ரெட்மி பெட்டியில ஒண்ணு இருக்குமே.

அதுலயும் வரலைன்னா போன் ஓட்டையைப் பாருங்க. வயர் முழுசா இறங்காம ஒரு மில்லிமீட்டர் வெளியே நிக்குதா? சட்டைப் பையில இருந்து போன பஞ்சு உள்ளே இறுகிக் கிடக்கும். போனை அணைச்சு, மரப் பல்குச்சியால ஓரமா மெதுவா கிளறி எடுங்க. ஊசி, சேப்டி பின் வேண்டாம். நடுவுல இருக்கிற நாக்கு வளைஞ்சா போர்டு வேலைதான்.

இன்னொண்ணு நம்ம பக்கத்துக்கே உரியது. மாட்டினதும் தண்ணித் துளி மாதிரி படம் வந்து ஈரப்பதம்னு எழுதினா, பனியோ மழையோ உள்ளே இறங்கியிருக்கு. வயரைக் கழட்டி, ஓட்டையைக் கீழ்ப்பக்கமா பிடிச்சு லேசா தட்டி, காத்துப் படுற இடத்துல வைங்க. அடுப்பு மேட்டுல வைக்கிற பழக்கத்தை மட்டும் விடுங்க. சூட்டுல பேட்டரி உப்பும், டிஸ்பிளே பசை விடும்.

மஸ்கெலியா மழை:
பெட்டி வயர்ல வந்துருச்சு. டிசிஐஎம் போகுது, 18 ஜிபி. வட்ஸ்அப் போல்டர்தான் ஆமை.

நானுஓயா நூல்:
வட்ஸ்அப்புக்கு நான் வாறேன். ஆமைக்குக் காரணம் வொய்ஸ் நோட்ஸ் போல்டர். உள்ளே திறந்தா வருஷமும் வார நம்பரும் சேர்ந்த பேர்ல வரிசையா போல்டர், ஒவ்வொண்ணுலயும் சின்ன வொய்ஸ் பைல் நூத்துக்கணக்கா. கேபிள்ல ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனியா கைகுலுக்கித்தான் போகும். 20 கேபி பைல் பத்தாயிரம் போற நேரத்துல ஒரே வீடியோவா 4 ஜிபி போயிரும்.

சாம்சங்ல மை பைல்ஸ் ஆப்ல அந்த போல்டரை அமத்திப் பிடிச்சு சிப் (zip) பண்ணுங்க. ஒரே பைலா ஆனதும் கொப்பி பண்ணலாம். ஆனா உங்க போன்ல காலி இடம் குறைவு, வொய்ஸ் 6 ஜிபின்னா சிப்புக்கும் கிட்டத்தட்ட அதே இடம் வேணும். முதல்ல கொப்பியாகி முடிஞ்ச சில பெரிய வீடியோவை, லேப்டொப்ல கடைசி வரைக்கும் ஓடுதான்னு பார்த்துட்டு அழிச்சு இடம் எடுங்க. இல்லாட்டி வருஷம் வருஷமா பிரிச்சு சிப் பண்ணுங்க.

லேப்டொப்ல இருக்கிறது காப்பு மட்டும். வட்ஸ்அப்பைப் புதுசுல எழுப்ப நல்ல வழி கியூஆர் மாற்றம். பழசுல செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் மாற்றம்னு போய்த் தொடங்குங்க. புதுசுல வட்ஸ்அப் போட்டு அதே நம்பரை உறுதி பண்ணுங்க. பழைய போனிலிருந்து மாத்தவான்னு கேக்கும், ஓம்னு கொடுத்தா கியூஆர் வரும், அதைப் பழசால ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டுலயும் வைஃபை, லொக்கேஷன் ஓன்ல இருக்கணும். போன் ரெண்டும் தாங்களே நேரா பேசிக்கும், 12 ஜிபிக்கும் டேட்டா போகாது. ஓடிபி வர்றதுக்கு மட்டும் சிக்னல் வேணும், அதுக்கு மேட்டுக்குப் போய் நின்னா போதும். ரெண்டையும் சார்ஜர்ல போட்டு ஸ்கிரீன் அணையாம பார்த்துக்குங்க.

கியூஆர் ஒத்துவரலைன்னா பழைய முறை. பழசுல சாட் பக்கப் போய் இப்பவே பக்கப் கொடுங்க. டேட்டாபேஸஸ் போல்டர்ல எம்எஸ்ஜிஸ்டோர்னு தொடங்குற பைல் இன்னைக்குத் திகதியில வந்திருக்கான்னு பாருங்க. தானா அது ராத்திரி 2 மணிக்கு ஒருக்கா எழுதும், கடைசி 7 நாளோடதை வச்சிருக்கும். காம் புள்ளி வட்ஸ்அப் போல்டர் முழுசையும் புதுசுல அதே இடத்துல வச்சதுக்குப் பிறகுதான் ஆப்பைத் திறக்கணும்.

இதுல விழுற குழி ஒண்ணுதான். மீட்கவான்னு அது கேக்கிறது நம்பர் பதியும்போது ஒரே ஒருக்கா. அவசரத்துல தவிர்னு அமத்திட்டா காலியா திறக்கும். அப்படி ஆனா அதுல ஒரு மெசேஜ்கூட அனுப்பாதீங்க, பக்கப்பும் கொடுக்காதீங்க. உடனே ஆப்பை எடுத்துட்டு போல்டரைத் திரும்ப வச்சுப் புதுசா பதியுங்க. கூகுள்ல அந்த நம்பருக்கு ஒரு பக்கப்தான் நிக்கும். காலி சாட்டோட பக்கப் ஓடினா நல்லது மேல எழுதிரும்.

கம்பளை கிளவுட்:
எல்லாரும் கேபிள் கேபிள்னு பாடுறீங்க. 2025 நவம்பர் கடைசியில தித்வா புயல் அடிச்சப்போ மலையோட சேர்ந்து வீடே இறங்கின இடங்கள் இருக்கு. லேப்டொப், பென் டிரைவ், போன் மூணும் ஒரே அலுமாரியில இருந்தா அது மூணு கொப்பி இல்லை, ஒரு கொப்பி. 46 ஜிபியையும் ஒரே நாள்ல ஏத்தச் சொல்லல. நைட் டேட்டா இருக்கிற பெக்கேஜ்ல 12 மணிக்குப் பிறகு ஆள் குறைஞ்சு வேகம் கூடும். 5 எம்பிபிஎஸ் கிடைச்சா 6 மணித்தியாலத்துல 13 ஜிபி ஏறும். நாலு ராத்திரி வேலை. நைட் டேட்டா எத்தனை மணி வரைக்கும்னு உங்க பெக்கேஜ்ல பாருங்க, விடியப் போன் ஏத்திக்கிட்டே இருந்தா பகல் டேட்டா காலி.

ரவுட்டரை ஜன்னலோரம், டவர் இருக்கிற மலைப் பக்கமா வைங்க. தகரக் கூரைக்குக் கீழ நடு அறையில வச்சா இருக்கிற ஒரு கோடும் போகும்.

பண்டாரவளை பிட்:
ஒரே அலுமாரி விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா கூகுள் போட்டோஸை பக்கப்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்லை, அது சிங்க். போன்ல ஒரு படத்தை போட்டோஸ் ஆப்புக்குள்ள அழிச்சா கிளவுட்லயும் அழியும். குப்பைத் தொட்டியில 60 நாள் கிடக்கும், பிறகு கிடைக்காது. பேரப்பிள்ளை கையில போன் இருந்தா 60 நாள் ஒண்ணுமே இல்லை.

இன்னும் கேளுங்க. 2021 ஜூன் 1க்குப் பிறகு குறைஞ்ச தரத்துல ஏத்தினாலும் 15 ஜிபியில கழியும். வட்ஸ்அப் பக்கப்பும் 2024ல இருந்து அந்தக் கணக்குலதான். இடம் நிறைஞ்சா ஜிமெயில்கூட நிக்கும். கெமரா போல்டர் மட்டும்தான் தானா ஏறும். வட்ஸ்அப் படங்கள் ஏறணும்னா போன் போல்டர்கள்னு உள்ளே போய் ஒவ்வொண்ணா ஓன் பண்ணணும். ரெட்மி மாதிரி போன்ல பேட்டரி சேமிப்பு பின்னால ஓடுற ஆப்பை நிறுத்தும். போட்டோஸ் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்து விடலைன்னா ராத்திரி ஏத்தினதா நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, விடிஞ்சு பார்த்தா 40 படம்.

கம்பளை கிளவுட்:
சரி, சிங்க்தான். ஆனா மண்ணுக்குள்ள போகாத சிங்க்.

லிந்துலை டீச்சர்:
ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரு பென் டிரைவை கொழும்புல இருக்கிற சொந்தக்காரங்க கிட்ட கொடுத்து வச்சா முடிஞ்சுது. வாங்கினதும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு (H2testw) ஒரு சின்ன புரோகிராம், விண்டோஸ்ல ஓடும், அதைப் போட்டு முழுக் கொள்ளளவும் உண்மையான்னு பாருங்க. 128னு எழுதி உள்ளே 8 இருக்கிற போலி நிறைய. நிறைஞ்சதும் சத்தமில்லாம பழைய பைல் மேல எழுதிக்கிட்டே போகும், பேர் எல்லாம் வரிசையா தெரியும், திறந்தா ஒண்ணும் வராது.

பென் டிரைவை எஃப்ஏடி32ங்கிற (FAT32) பழைய முறையில போர்மட் பண்ணியிருந்தா 4 ஜிபிக்கு மேலான பைல் ஏறாது. நூல் சொன்ன சிப் அங்கதான் நிக்கும். எக்ஸ்ஃபெட்ல (exFAT) போர்மட் பண்ணுங்க. நம்ம பனிக்கு மூடி இறுகின டப்பாவுல சிலிக்கா பொட்டலத்தோட வைங்க. பென் டிரைவ் வருஷக்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தா எழுதினது மங்கும், வருஷத்துக்கு ஒருக்கா மாட்டி சிலதைத் திறந்து பாருங்க.

பசறை பலகை:
காண்டாக்டை யாரும் தொடவே இல்லையே. அம்மா போன்ல நம்பரெல்லாம் எங்க இருக்கு, சிம்லயா, போன்லயா, கூகுள்லயா? மூணுலயும் பிரிஞ்சுதான் கிடக்கும். சிம்ல தமிழ்ப் பேரு வைக்கவே கூடாது. இடம் ரொம்பக் குறைவு. 'கோ'ன்னு ஒரு எழுத்துக்கு ரெண்டு இடம், 'ஸ்ரீ'க்கு நாலு. ஸ்ரீதரன் மாமா பாதியில வெட்டுப்பட்டு நிப்பாரு.

எல்லாத்தையும் கூகுள் கணக்குக்கு நகர்த்துங்க. கூடவே காண்டாக்ட் ஆப்ல ஏற்றுமதி கொடுத்தா விசிஎஃப் பைல் வரும், அதை லேப்டொப்ல போட்டு வைங்க. இன்னொரு ஆப்ல திறக்கும்போது பேருக்குப் பதிலா சமன் குறியும் எழுத்தும் எண்ணுமா சங்கிலி போல வந்தா பயப்படாதீங்க. பைல் கெடல. விகார்ட்ங்கிற காண்டாக்ட் பைலோட பழைய முறையில தமிழை அப்படித்தான் எழுதும், அந்த ஆப்புக்கு வாசிக்கத் தெரியல. கூகுள் காண்டாக்ட்ஸ் ஆப் வழியா இறக்குமதி பண்ணிப் பாருங்க.

மஸ்கெலியா மழை:
எல்லாம் லேப்டொப்ல வந்துருச்சு. கியூஆர்ல வட்ஸ்அப்பும் புதுசுக்குப் போயிருச்சு, வொய்ஸ் எல்லாம் ஓடுது. இப்ப மூணு கேள்வி. ஒண்ணு, லேப்டொப்ல வட்ஸ்அப் படமெல்லாம் இன்னைக்குத் திகதியில நிக்குது, ஏன்? ரெண்டு, கொப்பி சரியா வந்துச்சான்னு எப்படிப் பார்க்கிறது? மூணு, பழசுல இருக்கிற கூகுள் கணக்கு கொமியூனிகேஷன் கடையில போட்டுத் தந்தது. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அப்படியே ரீசெட் பண்ணி தம்பிக்குக் கொடுக்கலாமா?

நானுஓயா நூல்:
முதலாவது. கெமரா படத்துக்குள்ள எடுத்த திகதி எழுதியிருக்கும். வட்ஸ்அப் அனுப்பும்போது அதைக் கழட்டிரும். அதனால கேலரி பைலோட திகதியைப் பார்க்குது, கேபிள்ல கொப்பி பண்ணினா அது பல நேரம் கொப்பி பண்ணின நாள் ஆயிரும். பைல் பேர்லயே திகதி இருக்கு. ஐஎம்ஜிக்குப் பிறகு 20230114னு இருந்தா 2023 ஜனவரி 14. பேர் வரிசையில அடுக்குங்க, ஒழுங்கா வரும். பேரை மாத்தி அழகு பண்ணாதீங்க, இருக்கிற ஒரே திகதி அதுதான்.

பண்டாரவளை பிட்:
ரெண்டாவது. லேப்டொப்ல ஒவ்வொரு போல்டர்லயும் ரைட் கிளிக், புரொபர்டீஸ். பைல் எண்ணிக்கையை மை பைல்ஸ் காட்டுற எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. மறைஞ்ச சிறு படங்களால பத்து இருபது வித்தியாசம் வரலாம், நூறு வந்தா திரும்பப் பாருங்க. பிறகு அளவு வரிசையில அடுக்கி 0 கேபி பைல் இருக்கான்னு தேடுங்க. வயர் அசைஞ்ச இடம் அங்க தெரியும். பெரிய வீடியோ அஞ்சைக் கடைசி நிமிஷத்துக்கு இழுத்து ஓட்டிப் பாருங்க. பாதியில அறுந்த வீடியோவுக்கும் முகப்புப் படம் ஒழுங்காத்தான் வரும்.

ஹட்டன் பெஞ்ச்:
மூணாவதுக்கு: இப்ப ரீசெட் பண்ணாதீங்க. கணக்கை எடுக்காம ரீசெட் பண்ணினா, திரும்ப எழும்பும்போது அதே பழைய கூகுள் கணக்கைக் கேக்கலாம். பாஸ்வேர்ட் இல்லைன்னா தம்பி கையில இருக்கிறது கல்லு.

பழசு இன்னும் அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு, அதுதான் உங்க சாவி. செட்டிங்ஸ்ல கூகுள், கணக்கு நிர்வாகம், பாதுகாப்பு, பாஸ்வேர்ட்னு போங்க. மறந்துட்டேன்னு கொடுத்தா அந்தப் போனையே கேட்டு உறுதி பண்ண விடும், பெரும்பாலும் வேலை செய்யும். மாத்தினதும் மீட்பு நம்பரைப் பாருங்க. கடைக்காரரோட நம்பர் இருந்தா எடுத்துட்டு உங்க நம்பரைப் போடுங்க. பாஸ்வேர்டைக் கொப்பியில எழுதி அடையாள அட்டையோட வைங்க.

பேங்க் ஆப் இருந்தா புதுசுல பதிஞ்சு ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்க. அது எந்தக் கொப்பியிலயும் வராது, ஓடிபி வந்து புதுசாத்தான் பதியணும். பழைய போனோட பின் நம்பரையும் எழுதி வைங்க. கூகுள் பக்கப்பை மீட்கும்போது பழைய லொக்கைக் கேக்கும்.

மஸ்கெலியா மழை:
பாஸ்வேர்ட் மாறிருச்சு. மீட்பு நம்பர் கடையோடதுதான், எடுத்துட்டேன். பேங்க் ஆப்பும் திறக்குது. இப்ப ரீசெட் பண்ணலாமா?

ஹட்டன் பெஞ்ச்:
பாஸ்வேர்ட் மாத்தி 24 மணித்தியாலம் போகட்டும். நாளைக்கு ராத்திரி செட்டிங்ஸ்ல கணக்குகள்னு போய் கூகுள் கணக்கை எடுங்க, சாம்சங் கணக்கு இருந்தா அதையும். மெமரி கார்ட்டைக் கழட்டுங்க. பிறகு ரீசெட்.

மஸ்கெலியா மழை:
மெமரி கார்ட்டா? இவ்வளவு நேரம் அதைத் திறந்தே பார்க்கலையே.

ஹட்டன் பெஞ்ச்:
இப்பவே திறந்து பாருங்க. ஸ்டோரேஜ்ல அது தனியா எஸ்டி கார்ட்னு காட்டினா கழட்டி லேப்டொப்ல போட்டாலே வாசிக்கும். ஆனா கார்ட்டை என்கிரிப்ட் பண்ணி, அதாவது பூட்டி, வச்சிருந்தா அந்தப் போன்லதான் திறக்கும், ரீசெட்டுக்குப் பிறகு வேற எதுலயும் வாசிக்காது. அப்படின்னா போனுக்குள்ள இருக்கும்போதே கேபிள்ல எடுங்க.